விட்டுப்போன கண்ணி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக்கைப் பற்றி முக்கால் பக்கம் வந்திருந்தது. காலையில் காபியோடு ஒரு தடவை, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். அந்தப் பெயரைத் தமிழ் அச்சில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. எழுதியவருக்கு என் வாழ்த்து. வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை.

சின்னச் சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். ஹார்லெம் ஸ்குவேர் கிளப் கச்சேரி நியூயார்க்கில் நடந்ததாகக் கட்டுரை சொல்கிறது. ஹார்லெம் என்ற பெயரைப் பார்த்ததும் கை தானாக அப்படி எழுதியிருக்கும். அந்தக் கிளப் இருந்தது தெற்கே மியாமியில். அடுத்து, அவர் பாடிய சோல் என்ற இசை வகையை ‘ஆத்ம இசை’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். படித்தால் தியான வகுப்புக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. ஜாஸை ஜாஸ் என்றுதானே எழுதுகிறோம்? சோலையும் அப்படியே விட்டுவிடலாம். இன்னொன்று, கட்டுரையில் பாதி அவர் செத்த கதை. 1964 டிசம்பர் 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விடுதியில், அதன் மேலாளராக இருந்த பெண் சுட்டு இறந்தார், தற்காப்புக்காகச் சுட்டது என்று விசாரணையில் முடிவானது, வயது 33. ஒரு வாக்கியத்தில் முடிகிற இதற்கு மூன்று பத்தி எதற்கு? அந்த 33 வயதுக்குள் அவர் பாடி வைத்த இசைத்தட்டுகள் மிச்ச இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

நான் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக இல்லை. கட்டுரையின் அடியில் கட்டம் போட்டு, ‘எ சேஞ்ச் ஈஸ் கான்னா கம்’ பாட்டைத் தமிழில் தந்திருக்கிறீர்களே, அதற்காக. அதில் ஒரு கண்ணி இல்லை. அது இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், 43 வருஷம் அது இல்லாமலேதான் நானும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாளையங்கோட்டையில் என் அப்பா ரேடியோ செட் கடை வைத்திருந்தார். 1968-இல் படிப்பை நிறுத்திவிட்டு நானும் அதில் உட்கார்ந்தேன். ரேடியோ செட் என்றால் ரேடியோ விற்கிற கடை என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கும். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, அசனம் எதுவானாலும் மைக்கும் ஒலிபெருக்கிக் குழாயும் கட்டி, விடிய விடிய ரிகார்டு போடுகிற தொழில். பனை உச்சியில் குழாயைக் கட்டிவிட்டு இறங்கினால் மூன்று ஊருக்குப் பாட்டுக் கேட்கும். அம்மன் கொடைக்கு ஒரு பெட்டித் தட்டு, கிறிஸ்தவர்கள் விசேஷத்துக்கு ஒரு பெட்டி, கல்யாணத்துக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக இருக்கும். பெட்டி மாறிப் போய் அப்பாவிடம் நான் வாங்கிய ஏச்சு தனிக் கதை.

1971-இல் தூத்துக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தத் தட்டு கிடைத்தது. கப்பல்காரர் யாரோ போட்டுவிட்டுப் போனது என்றார் கடைக்காரர். இரண்டு ரூபாய். கறுப்பு லேபிளில், நம் எச்.எம்.வி. தட்டில் இருக்கிற அதே நாய் குழாய் முன்னால் உட்கார்ந்திருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நடு ஓட்டை ஒன்றரை அங்குலம். அமெரிக்காவில் 45 சுற்றுத் தட்டை அப்படித்தான் அடிப்பார்களாம். நம் பிளேயரின் கம்பியில் அதை மாட்டினால் தட்டு இஷ்டத்துக்கு ஆடும், பாட்டு குடிகாரன் பேச்சு மாதிரி இழுக்கும். நூல்கட்டையைச் சீவிப் பார்த்தேன், அட்டையை வெட்டிப் பார்த்தேன். கடைசியில் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிற ஓர் ஆசாரியிடம் தட்டையே கொண்டு போனேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மஞ்சள் கடம்புக் கட்டையில் ஒரு வில்லை கடைந்து, நடுவில் துளை போட்டு, சொப்புக்குப் பூசுகிற சிவப்பு அரக்கையும் பூசித் தந்தார். கச்சிதம். ஒரு மயிரிழை ஆட்டம் இல்லை. காசு வாங்கவில்லை, பாட்டை மட்டும் ஒருநாள் கொண்டு வந்து போட்டுக் காட்டு என்றார்.

தட்டின் முதல் பக்கம் ‘ஷேக்’, துள்ளாட்டப் பாட்டு. திருப்பிப் போட்டால் இந்தப் பாட்டு. வயலின்கள் அலையாக எழும்பி வரும், அடியில் ஒரு கொம்பு ஊதும், அப்புறம் அந்தக் குரல். அந்தக் குரலை இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் முன்பே கேட்டிருக்கிறேன், பெயர் தெரியாமல். பெயரை லேபிளில்தான் படித்தேன்.

அந்த வருஷம் நாசரேத் பக்கம் ஒரு கிராமத்தில் அசனத்துக்கு செட் போடப் போனோம். அசனம் என்றால் மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு விளங்காது: ஊர் கூடி கிடா வெட்டி, கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறாக்கி, எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவது. (இங்கே கிறிஸ்தவர்களும் கோயில் என்றுதான் சொல்வார்கள், சர்ச் என்பது பட்டணத்துப் பேச்சு.) காலையிலிருந்து கீர்த்தனைத் தட்டாகப் போட்டு ஊசியே மழுங்கிப் போனது. ராத்திரி பாத்திரம் கழுவுகிற சத்தம் அடங்கியதும், குழாயைக் கழற்றிவிட்டு, சின்னப் பெட்டி ஸ்பீக்கரில் இந்தத் தட்டைப் போட்டேன். பாதியில் உபதேசியார் வந்து நின்றார். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் வாசித்துப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறவர், அறுபது வயது இருக்கும். கோயில் வாசலில் வெள்ளைக்காரப் பாட்டா என்று சத்தம் போடப் போகிறார் என்று கையை ஊசிக்குக் கொண்டு போனேன்.

“எடுக்காத தம்பி, முடியட்டும்” என்றார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பாட்டு என்ன சொல்லுதுன்னு எனக்கு வெளங்கல. ஆனா இந்தத் தொண்ட கோயில்ல வளந்த தொண்ட. அந்த ‘ஓ’வ ஒடச்சு ஒடச்சு எறக்குதான் பாரு, அத வெளிய எவனும் சொல்லித் தரமாட்டான்” என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்குத் தெரிய வருஷங்கள் ஆயின. சாம் குக் 1931-இல் மிசிசிப்பி மாநிலத்து கிளார்க்ஸ்டேலில் பிறந்தவர். அப்பா போதகர். பிள்ளைக்கு இரண்டு வயதாக இருக்கும்போது குடும்பம் சிகாகோவுக்குப் போனது. அண்ணன் தம்பி அக்காளோடு சேர்ந்து சிறு வயதிலேயே கோயிலில் பாடியிருக்கிறார். இருபது வயது நிறையும் முன்பே சோல் ஸ்டிரர்ஸ் என்ற பெயர்பெற்ற கிறிஸ்தவக் கீதக் குழுவில் முன்பாட்டுக்காரராகச் சேர்ந்தார். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்த ஆர்.எச். ஹாரிஸ் ஒரு மலை. அவருடைய உச்சத்தை எட்டிப் பிடிக்க முடியாத இடத்தில் குரலை மடித்து, ‘ஓ’வென்று வளைத்து இறங்குகிற வழக்கம் அப்படித்தான் வந்தது என்று குழுவில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். எட்டாததை மறைக்கக் கண்டுபிடித்ததுதான் அவர் முத்திரையாகிவிட்டது.

உங்கள் கட்டுரையில் அவர் அந்தக் குழுவோடு பாடிய ஆறு வருஷம் ஒரே வாக்கியம். எனக்கு அதுதான் தாங்கவில்லை. 1951 முதல் ஸ்பெஷால்ட்டி கம்பெனிக்கு அந்தக் குழுவோடு அவர் பாடிய தட்டுகளை இன்றைக்கு யார் வேண்டுமானாலும் தேடிக் கேட்கலாம். 1956-இல் பதிவான ‘டச் தி ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட்’ ஒன்றைக் கேட்டால் போதும். ஒலிப்பதிவுக்குப் போகிற வழியில் கையில் புதுப்பாட்டு இல்லாமல், வேதாகமத்தை விரித்து, பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள ஸ்திரீ இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்ட கதையை அப்படியே பாட்டாக்கினார் என்பார்கள். அதில் அலங்காரம் எதுவும் கிடையாது. கூட்டத்துக்குள் ஒருத்தி நுழைந்து போகிறாள், அவ்வளவுதான். வில்லுப்பாட்டில் அண்ணாவி கதையைச் சொல்லிக்கொண்டே வந்து ஓரிடத்தில் ராகம் எடுப்பாரே, அந்த மாதிரி இவரும் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே நடந்து போகிறார். பின்பாட்டுக்காரர்கள் அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டே வருகிறார்கள்.

இந்த முன்பாட்டு, பின்பாட்டு வைப்பை அவர் கடைசிவரை விடவில்லை. 1962-இல் வந்த ‘பிரிங் இட் ஆன் ஹோம் டு மி’ காதல் பாட்டுதான். அதில் இவர் ஒரு வரி பாட, லூ ரால்ஸ் என்ற பாடகர் பின்னாலிருந்து ஆமா போடுகிறார். நம்ம ஊர் வில்லில் போடுகிற அதே ஆமா. அம்பாசமுத்திரத்து ஆசாரிக்கு நான் போட்டுக் காட்டியிருக்க வேண்டியது அந்தப் பாட்டு. அது எனக்குக் கிடைப்பதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கோயிலை விட்டு வெளியே பாடப் போனதைக் கட்டுரையாளர் ‘துறந்தார்’ என்கிறார். எதைத் துறந்தார்? 1956-இல் கோயிலுக்கு வெளியே தன் முதல் பாட்டை டேல் குக் என்ற பொய்ப் பெயரில் பாடினார், கோயில் ஜனங்கள் கோபிப்பார்கள் என்று. ‘லவபிள்’ என்ற அந்தப் பாட்டு, குழுவோடு பாடிய ‘வொண்டர்ஃபுல்’ என்ற கீதத்தில் சொல்லை மட்டும் மாற்றியது. குரலைக் கேட்ட நிமிஷமே எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. பெயரை மாற்றலாம், தொண்டையை எங்கே கொண்டு ஒளிப்பது? மறு வருஷம் ‘யூ செண்ட் மி’. பின்னால் பாடியவர்கள் வெள்ளைக்காரர்கள் என்பதால் ஸ்பெஷால்ட்டி முதலாளி ஆர்ட் ரூப்புக்கும் தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல்லுக்கும் தகராறாகி, கீன் என்ற புதுக் கம்பெனிக்குப் போய் வெளிவந்த பாட்டு அது. பாப் பட்டியலிலும் கறுப்பினத்தவருக்கான ஆர் அண்ட் பி பட்டியலிலும் முதலிடம். லேபிளில் பாட்டு எழுதியவர் என்று தம்பி எல்.சி.யின் பெயரைப் போட்டிருப்பார்கள். உரிமைப் பணம் பழைய கம்பெனியின் கைக்குப் போய்விடக் கூடாதே என்ற ஏற்பாடு. லேபிளின் பொடி எழுத்தைப் படிப்பது எங்கள் தொழில், அதனால் இதெல்லாம் என் கண்ணில் படும். 1959-இல் எஸ்.ஏ.ஆர். என்று சொந்தமாக ரிகார்டு கம்பெனியே தொடங்கினார். பாடுகிற கறுப்பின இளைஞன் கம்பெனிக்கும் முதலாளியாக இருப்பது அன்றைக்கு அபூர்வம். அந்தக் கம்பெனியில் யாரைப் பதிவு செய்தார் தெரியுமா? பாபி வோமாக் போன்ற பொடியன்களை. கூடவே தன் பழைய குழுவான சோல் ஸ்டிரர்ஸையும். இதையா துறந்தது என்பது?

இப்படிப் போய் வருவது நமக்குப் புதிதும் இல்லை. திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் குறத்தி குறி சொல்கிற குறவஞ்சியை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். காருகுறிச்சி அருணாசலம் நாகசுரத்தை 1962-இல் சினிமாவுக்குள் கொண்டு போனார்; எஸ். ஜானகியோடு சேர்ந்த அந்த ‘சிங்கார வேலனே’ தட்டு எங்கள் கடையில் மட்டும் மூன்று தேய்ந்தது. கோயில் வாத்தியத்தைக் கொட்டகைக்குக் கொண்டு போய்விட்டாரே என்று எங்கள் தெருவில் முணுமுணுத்த பெரியவர்கள் உண்டு. அவரும் மறைந்தது 1964-இல்தான். அந்த வருஷம் எனக்கு 13 வயது. அப்பா கடையை அடைத்துவிட்டு காருகுறிச்சிக்குப் போனது நினைவிருக்கிறது.

மியாமி கச்சேரியைக் கட்டுரையாளர் ஊர் மாற்றிச் சொன்னதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. 1963 ஜனவரி 12 ராத்திரி அங்கே கூடியிருந்தவர்கள் அவருடைய சொந்த ஜனம். குரல் கரகரத்து, கெஞ்சி, அதட்டி, கூட்டத்தையே பின்பாட்டுக்காரர்களாக்கிப் பாடுகிறார். கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோன் கூடவே ஓடி வருகிறது. கம்பெனிக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, இது ரொம்ப முரடு என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். 1985-இல்தான் வெளியே விட்டார்கள். நியூயார்க்கில் பாடியது வேறு: 1964-இல் கோபகபானா என்ற பெரிய இடத்தில், சாப்பாட்டு மேஜைகளுக்கு முன்னால். சட்டை கசங்காமல், புன்னகை மாறாமல். அது உடனே தட்டாக வந்தது. கோயில் வீதியில் மல்லாரி வாசிப்பவர் அடுத்த நாளே கல்யாண வரவேற்பில் வாசிப்பதில்லையா? இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் அந்த மனிதன் என்ன பாடுபட்டான் என்று தெரியும். ஊரை மாற்றினால் அந்த வித்தியாசமே போய்விடுகிறது.

சரி, கண்ணிக்கு வருகிறேன்.

1963 அக்டோபரில் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட்டில், தொலைபேசியில் அறை சொல்லி வைத்திருந்த ஹோட்டலுக்கு சாம் குக் மனைவியோடு காரில் போய் இறங்கினார். ஆளைப் பார்த்ததும் இடமில்லை என்றார்கள். ஹாரனை அடித்து நியாயம் கேட்டார். அமைதியைக் கெடுத்ததாகக் கைது. அந்த வருஷம் ஜூனில்தான் ஒன்றரை வயது மகன் வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்திருந்தான். இதற்கெல்லாம் பிறகு வந்த பாட்டு இது. ரெனே ஹால் வாத்தியங்களை அமைத்தார். ஒவ்வொரு கண்ணிக்கும் வெவ்வேறு வாத்தியம் முன்னுக்கு வரும்: ஒன்றில் வயலின்கள், ஒன்றில் கொம்பு, ஒன்றில் நம் பேரிகை மாதிரி அதிர்கிற டிம்பனி. அத்தனை பெரிய வாத்தியக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய், டிரம் வாசிக்க வந்தவர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வரவில்லையாம். ஏர்ல் பால்மர் உட்கார்ந்து வாசித்தார். 1964 பிப்ரவரி 7 அன்று தொலைக்காட்சியில் ஒரு தடவை பாடினார். அந்த நாடாவை யாரும் எடுத்து வைக்கவில்லை. மார்ச்சில் பெரிய தட்டில் பாட்டு முழுதாக வந்தது. டிசம்பரில், அவர் இறந்து பதினோரு நாளில், 45 சுற்றுத் தட்டில் ‘ஷேக்’குக்குப் பின்பக்கமாக வந்தபோது வானொலிக்காக அரை நிமிஷத்தைக் குறைத்தார்கள். பெரிய தட்டில் ஐந்து கண்ணி. சின்னத் தட்டில் நான்கு.

எந்தக் கண்ணியைக் குறைத்தார்கள்? ஆற்றங்கரையில் பிறந்ததைச் சொல்கிற கண்ணியில் கை வைக்கவில்லை. வாழ்வு பாரமாக இருக்கிறது, சாகவும் பயமாக இருக்கிறது என்பதைத் தொடவில்லை. சினிமாவுக்குப் போகிறேன், கடைத்தெருவுக்குப் போகிறேன், இங்கே நிற்காதே என்று விரட்டுகிறார்கள் என்று ஒரு கண்ணி வரும். அதைத்தான் வெட்டினார்கள். கோயிலில் வளர்ந்த தொண்டை பாடிய பாட்டில் தெருவைச் சொல்கிற ஒரே இடம் அதுதான். தூத்துக்குடியில் நான் வாங்கியது அந்தச் சின்னத் தட்டு. உபதேசியார் இரண்டு தரம் கேட்டதும் அதைத்தான். 2014-இல் பேரன் கைபேசியில் யூடியூபில் போட்டுக் காட்டியபோது, அந்த இடத்தில் என் வாய் அடுத்த கண்ணிக்குப் போய்விட்டது. பாட்டு வேறு எங்கோ போனது. பேரனிடம், “ஏல, இது வேற யாரோ சேத்துப் பாடினது” என்று சண்டை போட்டேன். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டான். அதே குரல்.

அந்த ராத்திரி எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எழுபதுகளின் நடுவில் ஓர் ஊரில் கொடைக்கு நாலு குழாய் கட்டியிருந்தேன், திசைக்கு ஒன்றாக. ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்தார். “வடக்க எதுக்குவே குழாயத் திருப்பியிருக்கீரு? அந்தத் தெருக்காரன் காது குளிரவா நாங்க வீட்டுக்கு வீடு வரி போட்டோம்?” என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. மரத்தில் ஏறி அவிழ்த்து, தெற்கே பார்த்துத் திருப்பிக் கட்டிவிட்டு இறங்கினேன். அன்றைக்கு என்னோடு வயர் சுருட்ட வந்த பையனுக்கு வீடு அந்த வடக்குத் தெருவில். மூன்று நாளும் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு போனவன் அடுத்த கொடைக்கு வரவில்லை.

கட்டுரையாளருக்கும் வெட்டிய பாட்டுதான் கிடைத்திருக்க வேண்டும். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பத்திரிகை எங்கள் பக்கம் எல்லாத் தெருவுக்கும் போகிறது. அடுத்த ஞாயிறு அதே கட்டத்தில், அதே இடத்தில், விட்டுப்போன கண்ணியையும் சேர்த்து ஐந்தையும் போடுங்கள். மியாமியையும் திருத்திவிடுங்கள்.

கட்டுரையாளர் பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால் ஊசிக்கோபுரத்துக்கு எதிரே இறங்கி, பழைய ரேடியோ செட்டுக்காரர் வீடு என்று கேட்டால் சொல்வார்கள். பிளேயர் இன்னும் ஓடுகிறது. இரண்டாவது கண்ணியில் ஒரு கீறல் இருக்கிறது, அங்கே ஊசி லேசாக ஒரு துள்ளுத் துள்ளும்; விரலால் தொடாமல் விட்டால் தானே போய்விடும். தட்டு வேண்டுமென்றால் அவரே வைத்துக்கொள்ளட்டும். சிவப்பு வில்லையை மட்டும் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு பழைய ரேடியோ செட்டுக்காரன்,
பாளையங்கோட்டை.